உபதேசியாரின் சைக்கிள்

(பங்கின் பொன்விழா நிறைவு நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

அன்புமிக்க பங்குமக்களே, இந்த விழாவுக்காகவே வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, சாமியார் எப்போது பேச்சை முடிப்பார், நாடகம் எப்போது தொடங்கும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரே!

நம் பங்கின் 50 ஆண்டு வரலாற்றைச் செயலாளர் சற்றுமுன் அறிக்கையாக வாசித்தார். கோயில் கட்டிய ஆண்டு, மணி வாங்கிய ஆண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டை மாற்றித் தளம் போட்ட ஆண்டு, இங்கே பணிபுரிந்த குருக்களின் பெயர்கள், நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்று மட்டும் விடுபட்டுப் போயிற்று. அது செயலாளரின் குற்றமல்ல. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. விடுபட்டது ஒரு சைக்கிள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பொன்விழா மேடையில் சைக்கிளைப் பற்றிப் பேச்சா என்று பெரியவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம், குருப்பட்டம் பெற்ற சில வாரங்களில், உதவிப் பங்குத் தந்தையாக இந்த ஊருக்கு வந்தேன். அப்போது நம் பங்கில் 9 கிளைக் கிராமங்கள். கடைசிக் கிராமம் இங்கிருந்து 11 கிலோமீட்டர். பாதி தூரம் சரளை, மீதி தூரம் கண்மாய்க் கரை. அந்நாள் பங்குத் தந்தையிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அது அவருக்கே வாரத்தில் மூன்று நாள்தான் கீழ்ப்படியும். நான் என்ன செய்வது? வந்த மூன்றாம் நாள் மாலை, நம் உபதேசியார் ஐயா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பங்குமனை வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தில் அதைச் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி, எனக்கு முழங்கால் போயிருச்சு. இதுக்கு ஒண்ணும் போகலை. இனிமே இது உங்களோட இருக்கட்டும்."

கறுப்பு நிற ஹெர்குலிஸ். உயரமான பிரேம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் மூன்று சாக்கு நெல் ஏற்றினாலும் தாங்கும் கேரியர். அதை அவர் 1974இல் பரமக்குடியில் வாங்கி, ஊர்வரை ஓட்டிக்கொண்டே வந்தாராம். நம் பங்கு உருவானது 1975இல். ஆக, பங்கைவிட அந்தச் சைக்கிளுக்கு ஒரு வயது கூடுதல். அதை வாங்க அவருடைய மனைவி தம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்த அந்தத் தோட்டை மீட்க இரண்டு மிளகாய் வெள்ளாமை ஆயிற்றென்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 22 ஆண்டுகள் உபதேசியார் அந்தச் சைக்கிளில் போய்த்தான் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். சாவுச் செய்தியும் திருமண ஓலையும் அந்தச் சைக்கிளில்தான் ஊர் ஊராய்ப் போயின.

குருமடத்தில் எனக்குத் தத்துவம் படிப்பித்தார்கள், இறையியல் படிப்பித்தார்கள், மறையுரை ஆற்றவும் பழக்கினார்கள். பஞ்சர் ஒட்ட மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. நம் இராமநாதபுரம் சீமையின் சீமைக் கருவேல முள் எனக்கு அந்தப் பாடத்தை முதல் வாரத்திலேயே எடுத்தது. உபதேசியார் ஐயாதான் ஆசிரியர். ட்யூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவ வேண்டும். இதன் பிறகுதான் நான் எப்போதும் தவறு செய்வேன். தடவிய உடனே ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துவேன். அது உரிந்துகொண்டு வரும். "சாமி, பசை காயணும். ஈரத்துல ஒட்டுனா ஒட்டாது. ஒரு செபம் சொல்ற நேரம் பொறுங்க" என்பார். அன்று முதல் பசை காயும் நேரத்தில் ஓர் அருள்நிறை செபம் சொல்லும் வழக்கம் வந்தது. அந்த நான்கு ஆண்டில் நான் அதிகம் செபித்தது கோயிலிலா, பஞ்சர் ஒட்டும்போதா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்தச் சைக்கிளில் ஒரு டைனமோ உண்டு. இளைஞர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டயரில் உரசிச் சுழன்று விளக்கை எரிய வைக்கும். வேகமாய் மிதித்தால் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். மெதுவாய்ப் போனால் மங்கும், நின்றால் அணையும். மணலும் பள்ளமும் வரும் இடத்தில் வேகம் குறையும். எங்கே வெளிச்சம் மிகவும் தேவையோ அங்கே அது இருக்காது. எதிரே யார் வந்தாலும் முதலில் குரல் கொடுத்து, அப்புறம்தான் முகம் பார்ப்போம். இந்த ஊர் மக்களை எனக்குக் குரலால் தெரிந்தது அதனால்தான். இன்றைக்கும் இருட்டில் "ஸ்தோத்திரம் சாமி" என்று யார் சொன்னாலும் எந்த வீடு என்று சொல்லிவிடுவேன்.

இந்தச் சீமைக்கு வந்த குருக்கள் எல்லாரும் சைக்கிளில் வந்தவர்கள் அல்லர். புனித அருளானந்தர் இந்த மண்ணில் நடந்தார். நடந்தே ஊர் ஊராய்ப் போய், 1693இல் ஓரியூரில் உயிர் கொடுத்தார். அப்போது உலகில் எங்கும் சைக்கிள் கிடையாது. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் 1817இல் இரண்டு சக்கரம் வைத்த ஒரு மரவண்டி செய்தார். அதற்குப் பெடல் இல்லை. காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும். சங்கிலியும் சம அளவுச் சக்கரங்களும் உள்ள, இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டிய சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885இல் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். பஞ்சரும் அத்தோடுதான் உலகில் பிறந்தது! நம் நாடு விடுதலையடைந்த பின் 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ் நம் தமிழ்நாட்டுச் சரக்கானது அதன் பிறகுதான்.

ஏழை எளியவர்க்குக் கிடைத்த முதல் வாகனம் அது. தீவனம் கேட்காது, எண்ணெய் குடிக்காது. பால்காரர், தபால்காரர், கண்மாய் மீன் விற்பவர், வாத்தியார், உபதேசியார் என்று எத்தனை குடும்பத்துக்கு அது சோறு போட்டது! பெண்களுக்கோ அது அதற்கும் மேலே ஒன்றைச் செய்தது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரமாயிரம் பெண்கள் கற்றார்கள். அந்தச் செய்தி நம் ஊருக்கு வந்து சேர ஐந்தாறு ஆண்டு பிடித்தது. 1997இல் ஒரு ஞாயிறு மாலை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, "சாமி, உங்க சைக்கிளைக் கொடுங்க, நாங்களும் படிக்கணும்" என்றார்கள். பார் வைத்த ஆண்கள் சைக்கிள், பாவாடை தாவணிப் பிள்ளைகள், கோயில் மைதானம். முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. உபதேசியார் ஐயா ஒரு நாள் மைதானத்துக்கு வந்து, தம் மகளையே முதலில் ஏற்றி, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு ஓடினார். முணுமுணுப்பு அன்றோடு அடங்கியது. அன்று விழுந்து முட்டி தேய்ந்த பிள்ளைகளில் இரண்டு பேர் இந்தக் கூட்டத்தில் பாட்டிமாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

இனி முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். கடைசிக் கிராமத்துக்கு 11 கிலோமீட்டர் என்றேன். சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் ஒரு நாளும் ஒரு மணி நேரத்தில் போனதில்லை. "சாமி, ஒரு நிமிஷம்" என்று யாராவது கையைக் காட்டுவார்கள். காலை ஊன்றி நிற்பேன். பரீட்சைப் பணம் கட்ட வழியில்லாத பையன், மாமியாரோடு சண்டை போட்ட மருமகள், மாடு தொலைத்தவர், கடிதம் படிக்கச் சொல்லும் பாட்டி. ஒருவர் என்னை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்து, மகசூல் போய்க் கடன் மேலேறியதையும், வீட்டுப் பரணில் பூச்சிமருந்துப் புட்டி இருப்பதையும் சொன்னார். அன்று பூசைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். கோயிலில் காத்திருந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நல்ல மனிதரின் தயவால் எனக்குப் புது மோட்டார் சைக்கிள் கிடைத்தது. 11 கிலோமீட்டர் இருபது நிமிடமாயிற்று. ஒரு நாளில் மூன்று கிராமம் பார்த்தேன். பூசைகள் கூடின, பதிவேட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. வழியில் மக்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். "சாமி, ஒரு நிமிஷம்" என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

சைக்கிள் பங்குமனைக்குப் பின்னால் தாழ்வாரத்தில் நின்றது. முதலில் டயரில் காற்றிறங்கியது. பிறகு சீட்டில் கோழி முட்டையிட்டது. பிறகு விறகை அதன்மேல் சாய்த்தார்கள். 2001 மே மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வருகிறவருக்கு இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டுமென்று தாழ்வாரத்தை ஒழித்தேன். அன்று பார்த்துப் பழைய இரும்பு வியாபாரி தள்ளுவண்டியோடு வந்தார். உடைந்த கட்டில், ஓட்டை வாளி, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, அவற்றோடு சைக்கிள். தராசில் தொங்கவிட்டு எடை போட்டார். எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் ரூபாய். அதை அப்படியே கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். அது யாருடைய சைக்கிள், யாருடைய தோடு என்ற நினைவே அன்று எனக்கு வரவில்லை. ஆத்திரத்திலோ ஆசையிலோ விற்றிருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். நான் நினைக்காமல் விற்றேன்.

மூன்றாம் நாள் உபதேசியாரின் மனைவி வந்தார்கள். ஐயா அப்போது படுத்த படுக்கை. "சாமி, அவுக வண்டியை ஒரு தடவை பாக்கணும்னு சொல்றாக. பையனை விட்டுத் தள்ளிக்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்கள். அன்புமிக்கவர்களே, குருவாகி ஐந்து ஆண்டு ஆன நான், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் அம்மா, வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன்" என்றேன்.

நோயாளியின் மனம் நோகக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பலநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பொய் சொன்னேன். மறுநாள் காலை அந்த இரும்பு வியாபாரியைத் தேடிக்கொண்டு போனேன். சரக்கு முந்தின நாளே லாரியில் ஏறிப் போயிருந்தது. பத்து நாளில் உபதேசியார் ஐயா இறந்துபோனார். அடக்கப் பூசை நான்தான் வைத்தேன். மறையுரையில் அவருடைய உழைப்பைப் பவுலடியாரின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசினேன். எல்லாரும் அழுதார்கள், நன்றாகப் பேசினீர்கள் சாமி என்றார்கள். சைக்கிளைப் பற்றி மட்டும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்குப் பக்கத்தில் கிசாலோ என்ற மலையில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. 1949இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரிய பந்தய வீரர்கள் தங்கள் சைக்கிள்களை அங்கே காணிக்கையாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜீனோ பார்த்தலி. 1938இலும் 1948இலும் பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தை வென்றவர். போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைச் சைக்கிளின் குழாய்க்குள் ஒளித்து, பயிற்சிக்குப் போவதுபோல் ஊர் ஊராய்க் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிடிபட்டால் உயிர் போகும். போர் முடிந்த பிறகும் அதைப் பற்றி அவர் ஊராரிடம் பேசவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் இறந்த பிறகுதான் அது பரவலாகத் தெரிந்தது. 2013இல் இஸ்ரேல் நாட்டில் அவருக்கு மரியாதை செய்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் தம் சைக்கிளுக்குள் நன்மையை ஒளித்து வைத்தார். நான் ஒரு சைக்கிளைச் சொல்லிப் பொய்யை ஒளித்து வைத்தேன்.

2021இல் ஆண்டவர் என்னை மறுபடி இதே பங்குக்கு அனுப்பினார். உபதேசியாரின் மனைவியும் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை வேகமாக விடுவேன். இந்தப் பொன்விழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு நாள் வைத்து, ஒருவரோடொருவர் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேனே, அதற்குப் பிறகு எனக்குத் தப்ப வழியில்லை. போன மாதம் ஒரு மாலை நடந்தே போனேன். அவருடைய மகளிடம், மைதானத்தில் முதலில் சைக்கிள் ஏறிய அதே மகளிடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "அப்பாவுக்குத் தெரியும் சாமி. அந்த யாவாரி எங்க வாசல் வழியாத்தான் தள்ளிக்கிட்டுப் போனான். அப்பா கட்டில்ல இருந்தே பாத்துட்டாக. சாமிக்குத் தெரியாம எவனும் களவாண்டுட்டானோன்னுதான் அம்மாவை அனுப்பிச்சாக. அம்மா வந்து ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னதும், கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, 'சரி, சாமி சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், வெளியில பேசாதீக'ன்னுட்டாக. நாங்களும் பேசலை."

24 ஆண்டுகள் அந்த வீட்டார் பேசவில்லை. தம் சைக்கிள் இரும்புக்குப் போவதைக் கண்ணால் பார்த்த மனிதர், என் பொய்யையும் தெரிந்துகொண்டு, என் மானத்தைக் காத்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மன்னிப்பு எனக்கு முன்னதாகவே அந்த வீட்டில் வந்து காத்திருந்தது. நான்தான் போய் வாங்கிக்கொள்ளவில்லை. இதை இங்கே சொல்வதற்கு அந்த மகளிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சாமி, அப்பா பேரு விழாவுல வரட்டும்" என்றார்கள். பேரைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால் உபதேசியார் என்றே சொன்னேன். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சைக்கிள் இனி வராது. எங்கோ உருக்கி, எந்தக் கட்டடத்துக் கம்பியாகவோ ஆகியிருக்கும். இன்று ஒருவர் வந்து அதைத் திரும்பத் தருகிறேன் என்றால், நான் ஓட்டும் வண்டியோடு பேனாவையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். துடைத்து, எண்ணெய் போட்டு, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

முடிக்கும் முன் இரண்டு காரியம் கேட்கிறேன். உங்கள் வீடுகளில் பெரியவர்கள் பயன்படுத்திய பொருள் ஏதாவது மூலையில் கிடக்கும். அம்மியோ, தையல் மெஷினோ, ரேடியோவோ, சைக்கிளோ. விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள்; இடத்தை அடைத்துக்கொண்டு வைத்திருக்கச் சொல்லவில்லை. விற்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும். இது முதல் காரியம்.

இரண்டாவது. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள்கள் நம் பங்கில் எத்தனையோ வீட்டில் காற்றில்லாமல் நிற்கின்றன. அதில் ஒன்றை எனக்கு விலைக்குக் கொடுங்கள். முட்டி முன்போல் இல்லை. கடைசிக் கிராமம்வரை முடியாது. பக்கத்து இரண்டு ஊருக்குச் சனிக்கிழமைகளில் போய் வருவேன். ஆடிக் காற்றில் தள்ளிக்கொண்டுதான் வருவேன், பார்த்துச் சிரிக்காதீர்கள். வழியில் யாருக்காவது பேச வேண்டியிருந்தால் கையைக் காட்டுங்கள். நிற்பேன்.

இந்தப் பங்குக்காக உழைத்து, அறிக்கையில் பெயர் வராமல் போன அத்தனை பேருக்கும் நன்றி. நம் அன்னை உங்கள் அனைவருக்கும் துணையிருப்பாராக. பிள்ளைகளே, இனி உங்கள் நாடகம் தொடங்கட்டும்.